மூன்று டேட்டாபேஸ், ஒரே பட்டியல்: மாஸ்டர் டேபிள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரமணியில் ஒரு சிறிய மென்பொருள் அணியில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். அணிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு விஷயத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். மாவட்டம், மாநிலம், வரி விகிதம், ஆர்டர் நிலை மாதிரியான பட்டியல்கள் டெவ்வில் (நிரல் எழுதும்போது பயன்படுத்தும் டேட்டாபேஸ்) ஒரு மாதிரி, டெஸ்டில் (சோதிக்கப் பயன்படுத்துவது) ஒரு மாதிரி, புரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர் உண்மையில் பயன்படுத்துவது) இன்னொரு மாதிரி இருக்கும். அதைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்விகளும், நான் சொல்லிவரும் பதில்களும் இவை.

ரெஃபரன்ஸ் டேட்டா என்று எதைச் சொல்கிறீர்கள்? மாஸ்டர் டேட்டாவும் அதுவும் ஒன்றா?

வியாபாரம் நடக்கும்போது உருவாகும் தரவு வேறு. வியாபாரம் நடப்பதற்கு முன்பே இருந்தாக வேண்டிய தரவு வேறு. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்கள், ஜிஎஸ்டி மாநிலக் குறியீடுகள் (தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34), 'பதிவானது', 'அனுப்பப்பட்டது', 'சேர்ந்தது' என்கிற நிலைகள் எல்லாம் இரண்டாவது வகை. வாடிக்கையாளர் பட்டியலும் பொருள் பட்டியலும் உண்மையில் மாஸ்டர் டேட்டா. ஆனால் நம் ஊர் அலுவலகங்களில் இரண்டையும் சேர்த்து 'மாஸ்டர்' என்றே சொல்லிவிடுகிறோம். பேச்சில் அது பரவாயில்லை, வடிவமைக்கும்போது பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

பிரிக்க நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த மென்பொருளை இன்று ஒரு காலி டேட்டாபேஸில் நிறுவினால், முதல் பயனர் லாகின் செய்வதற்கு முன்பே எந்தெந்த ரெக்கார்டுகள் உள்ளே இருக்க வேண்டும்? அவைதான் ரெஃபரன்ஸ் டேட்டா.

மாறாத பட்டியல்தானே, அது எப்படி மூன்று இடத்தில் மூன்று விதமாக ஆகிறது?

அது 'மாறாதது' என்று எல்லோரும் நம்புவதால்தான். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. அதே மாதத்தில் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் வந்தன. அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மென்பொருளில், புரொடக்‌ஷனில் வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் அட்மின் திரை வழியாக 'செங்கற்பட்டு' என்று சேர்த்தார். எங்கள் டெஸ்டர் தன் டேட்டாபேஸில் 'செங்கல்பட்டு' என்று சேர்த்தார். டெவ்வில் யாருமே சேர்க்கவில்லை. யாரும் தவறு செய்யவில்லை, தங்களுக்குத் தேவையானதை அவரவர் இடத்தில் செய்தார்கள். பட்டியலுக்கு ஒரு சொந்தக்காரர் இல்லாததுதான் பிரச்சினை.

இதைவிட மோசமானது ஐடி, அதாவது ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் உரிய அடையாள எண், மாறிப்போவது. ஒரு பார்சல் நிறுவனத்துக்கு வேலை செய்தபோது நடந்தது. நிலை டேபிளில் ஐடி எண்ணை டேட்டாபேஸே தானாகக் கொடுக்கும்படி விட்டிருந்தோம். டெவ்வில் 7 என்றால் 'சேர்ந்தது'. புரொடக்‌ஷனில் யாரோ ஒருநாள் நடுவில் ஒரு நிலையைக் கையால் சேர்த்திருந்ததால், அங்கே 7 என்றால் 'திருப்பி அனுப்பப்பட்டது', 'சேர்ந்தது' எட்டாவது. நிரலில் ஒருவர் 7 என்று எழுதிவிட்டார். டெவ்வில் சரி, டெஸ்டிலும் சரி. தீபாவளிக்கு முந்தைய வாரம் ரிலீஸ் போனது. பார்சல் கையில் வந்து சேர்ந்தவர்களுக்கு 'உங்கள் பார்சல் திருப்பி அனுப்பப்பட்டது' என்று எஸ்எம்எஸ் போனது. ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் புடவை அனுப்பியவர்கள் பதறிப்போய் அழைத்தார்கள். அன்று அழைப்புகளை எடுத்தவர்களின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் அந்த வாரம்தான்.

அப்படியென்றால் ஐடி எண்ணே வேண்டாமா?

எண் இருக்கலாம், ஆனால் அதை நாம் கொடுக்க வேண்டும். ரெஃபரன்ஸ் டேபிள்களில் ஆட்டோ இன்க்ரிமென்ட் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. டேட்டாபேஸ் தானாகக் கொடுக்கும் எண், 'நீ எத்தனையாவதாக உள்ளே வந்தாய்' என்பதைத்தான் சொல்கிறது. மூன்று டேட்டாபேஸிலும் ஒரே வரிசையில் ரெக்கார்டுகள் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அதற்குப் பதிலாக, மனிதர் படித்தால் புரியும் ஒரு சிறு குறியீட்டை நாமே வைத்து, அதையே கீயாக (ரெக்கார்டைத் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பாக) பயன்படுத்தலாம். நிரலும் அந்தக் குறியீட்டைத்தான் பேச வேண்டும். குறியீடு ஒருமுறை புரொடக்‌ஷனுக்குப் போய்விட்டால் அப்புறம் அதை மாற்றவே கூடாது. பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மெட்ராஸ் சென்ட்ரல் சென்னை சென்ட்ரல் ஆனது. 2019-ல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் ஆனது. ரயில்வே டிக்கெட்டில் நிலையக் குறியீடு மட்டும் இன்றும் 'எம்ஏஎஸ்' தான். விமான நிலையத்துக்கும் அப்படியே, 'எம்ஏஏ'. மெட்ராஸ் என்ற பெயர் அதிகாரபூர்வமாகப் போய் 1996-லிருந்து இத்தனை வருடம் ஆகியும் அந்தக் குறியீடுகளை நம்பி இருக்கும் எதுவும் உடையவில்லை.

அரசாங்கமே கொடுக்கும் குறியீடு இருக்கும்போது அதையே கீயாக வைக்கலாமே?

அதைத் தனி நெடுவரிசையில் வையுங்கள், கீயாக வேண்டாம். வெளியிலிருந்து வரும் குறியீடு நம் கட்டுப்பாட்டில் இல்லை. தெலங்கானா வாகனப் பதிவு எழுத்துகள் 2024-ல் 'டிஎஸ்' என்பதிலிருந்து 'டிஜி' என்று மாறின. மாநிலப் பிரிவினைக்குப் பின் ஆந்திராவின் ஜிஎஸ்டி குறியீடு 37, அதற்கு முந்தைய பட்டியல்களில் 28. பின்கோடு இன்னும் சிக்கல்: ஒரே பின்கோடின் கீழ் பல அஞ்சலகங்கள் இருக்கும், அதனால் அதை ஒரு ஊருக்கு மட்டும் உரிய அடையாளமாக எடுத்துக்கொள்ளவே முடியாது.

சரி, உண்மையான பிரதி எங்கே இருக்க வேண்டும்? புரொடக்‌ஷனில் இருப்பதுதானே உண்மை?

இல்லை. நிரல் எந்தக் கிட் ரெப்போவில் (நிரலையும் அதன் மாற்றங்களையும் பதிந்து வைக்கும் இடத்தில்) இருக்கிறதோ, அதற்குள் ஒரு கோப்பாக இருக்க வேண்டும். டெவ், டெஸ்ட், புரொடக்‌ஷன் மூன்றும் அந்தக் கோப்பின் நகல்கள் மட்டுமே. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும். ரெஃபரன்ஸ் டேட்டா பார்க்கத்தான் டேட்டாபேஸில் கிடக்கும் தரவு மாதிரி இருக்கிறது. அது நிரலின் ஒரு பகுதி. நிரலில் ஒரு 'இஃப்' (நிபந்தனை) மாற்ற வேண்டுமானால் ரிவ்யூ (இன்னொருவர் பார்ப்பது), பிரான்ச் (மாற்றத்தைத் தனிக் கிளையில் வைப்பது), ஒப்புதல் என்று போகிறோம். அதே நிரலின் போக்கை மாற்றும் ஒரு ரெக்கார்டை மட்டும் ஏன் யாரும் பார்க்காமல் கையால் மாற்ற அனுமதிக்கிறோம்?

சின்ன டேபிள்களுக்கு ஒரு சிஎஸ்வி கோப்பு (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) போதும். ஒரு டேபிளுக்கு ஒரு கோப்பு, குறியீட்டின்படி வரிசைப்படுத்தி வையுங்கள். அப்போதுதான் ரிவ்யூவில் என்ன மாறியது என்று ஒரே பார்வையில் தெரியும். கோப்பை எக்செலில் திறந்து சேமிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். '07' என்பதை அது '7' ஆக்கிவிடும், சில குறியீடுகளைத் தேதியாக மாற்றிவிடும்.

லோட் செய்யும் ஸ்கிரிப்ட் எப்படி இருக்க வேண்டும்?

எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றாக இருக்க வேண்டும். காலி டேட்டாபேஸில் ஓட்டினாலும், பாதி நிரம்பியதில் ஓட்டினாலும், ஏற்கெனவே சரியாக இருப்பதில் ஓட்டினாலும் கடைசியில் டேபிள் கோப்பைப் போலவே இருக்க வேண்டும். அதாவது குறியீடு இல்லையென்றால் சேர், இருந்து மதிப்பு வேறாக இருந்தால் மாற்று, ஒன்றாகவே இருந்தால் தொடாதே.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இதற்கு 9.5 பதிப்பிலிருந்து இன்செர்ட்டோடு (ரெக்கார்ட் சேர்க்கும் கட்டளை) 'ஆன் கான்ஃபிளிக்ட்' இருக்கிறது. 15-ஆம் பதிப்பில் 'மெர்ஜ்' கட்டளையும் வந்துவிட்டது. ஆரக்கிளிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் மெர்ஜ் உண்டு. மைஎஸ்கியூஎல்லில் 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்'. மைஎஸ்கியூஎல் 'ரீப்ளேஸ்' கட்டளையை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது பழைய ரெக்கார்டை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறது. ஃபாரின் கீயில் (ஒரு டேபிளின் ரெக்கார்ட் இன்னொரு டேபிளின் ரெக்கார்டைச் சுட்டும் இணைப்பு) 'கேஸ்கேட் டெலீட்' (சுட்டப்படுவது அழிந்தால் சுட்டுவதும் அழியும் அமைப்பு) போட்டிருந்தால், ஒரு மாவட்டத்தின் பெயரில் ஒற்றெழுத்தைத் திருத்தப் போய் அந்த மாவட்டத்தின் கிளைகள் எல்லாம் சேர்ந்து அழிந்துபோகும். 'எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்று' என்ற குறுக்குவழிக்கும் இதே ஆபத்து.

'ஒன்றாக இருந்தால் தொடாதே' என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாறாத ரெக்கார்டையும் அப்டேட் செய்தால் 'கடைசியாக மாறிய நேரம்' பொய்யாகிவிடும். டேபிளில் டிரிகர் (மாற்றம் நடந்தால் தானாக ஓடும் நிரல்) இருந்தால் அதுவும் தேவையில்லாமல் ஓடும்.

மற்றவை எளிது. மாநிலம் முதலில், மாவட்டம் அடுத்து, வட்டம் அப்புறம் என்று ஃபாரின் கீ வரிசையில் ஏற்றுங்கள். மொத்தத்தையும், நடந்தால் முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது என்ற ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வையுங்கள். பழைய டேபிளில் ஆட்டோ எண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்து, நீங்கள் எண்ணை நேரடியாகக் கொடுத்து ஏற்றினால், போஸ்ட்கிரெஸில் சீக்வென்ஸ் (அடுத்த எண்ணைக் கொடுக்கும் கணக்கி) தானாக முன்னேறாது. அதை நீங்கள்தான் தள்ளிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த இன்செர்ட் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று விழும்.

இதற்குத் தனி டூல் வேண்டுமா?

பெரும்பாலும் உங்களிடம் இருப்பதே போதும். டேட்டாபேஸ் மாற்றங்களை வரிசையாக ஓட்டும் ஃப்ளைவே என்ற டூலில் 'ரிப்பீட்டபிள்' வகை ஸ்கிரிப்ட் உண்டு. கோப்பின் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) மாறினால் மட்டும் அது மறுபடி ஓடும், அதுவும் பதிப்பு எண் உள்ள ஸ்கிரிப்டுகள் எல்லாம் முடிந்த பிறகு. அதே மாதிரி டூலான லிக்விபேஸில் சிஎஸ்வியை எடுத்து, இருந்தால் மாற்றி இல்லாவிட்டால் சேர்க்கும் வசதி உள்ளேயே இருக்கிறது.

வேண்டாத ரெக்கார்டை நீக்கலாமா?

கூடாது, ஓய்வு கொடுங்கள். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி, ராயப்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்தது. 'ஏஎல்எல்ஏ' என்று தொடங்கிய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் போய் 'ஐடிஐபி' என்று தொடங்குபவை வந்தன. அதற்காகப் பழைய குறியீடுகளை டேபிளிலிருந்து அழித்தால், 2018-ல் நடந்த ஒரு பணப் பரிமாற்றம் எந்த வங்கிக்குப் போனது என்று காட்டவே முடியாது. 'இனிப் பயன்பாட்டில் இல்லை' என்ற அடையாளம், இன்ன தேதியிலிருந்து, அதற்குப் பதில் இது என்ற மூன்றையும் பதிவு செய்யுங்கள். புதிதாகத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அது வரக்கூடாது. பழைய ரசீதில் வர வேண்டும்.

வரி விகிதம் மாதிரி தேதியோடு மாறுவதை என்ன செய்வது?

2025 செப்டம்பர் 22-ஐ நினைத்துப் பாருங்கள். அன்றுதான் புதிய ஜிஎஸ்டி விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. நெய் 12-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது, ஏசி 28-லிருந்து 18-க்கு. விகிதம் என்ற ஒரே கட்டத்தில் 28-ஐ அழித்து 18 என்று எழுதியவர்கள் இரண்டு கஷ்டங்களைச் சந்தித்திருப்பார்கள். ஒன்று, நள்ளிரவு 12 மணிக்கு விழித்திருந்து மாற்ற வேண்டும். இரண்டு, செப்டம்பர் 10-ல் விற்ற ஏசியின் பில்லை மறுபடி அச்சிட்டால், மென்பொருள் டேபிளைப் பார்த்துக் கணக்கிடும் வகையாக இருந்தால், அதில் 18 என்று வரும்.

ஒவ்வொரு விகிதத்துக்கும் 'இந்தத் தேதியிலிருந்து', 'இந்தத் தேதி வரை' என்று இரண்டு தேதி வைத்தால் இரண்டு கஷ்டமும் இல்லை. பழைய ரெக்கார்ட் செப்டம்பர் 21-ல் முடிகிறது, புதியது 22-ல் தொடங்குகிறது. மென்பொருள் பில் தேதியைக் கொண்டு விகிதத்தை எடுக்கிறது. அறிவிப்பு வந்த வாரத்திலேயே மூன்று டேட்டாபேஸிலும் ஏற்றிவிடலாம். டெஸ்டர் பில் தேதியை முன்னே நகர்த்தி முன்கூட்டியே சரிபார்க்கலாம். ஒரே பொருளுக்கு இரண்டு காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமலும், நடுவில் ஒரு நாள் விட்டுப்போகாமலும் பார்க்க ஒரு சோதனை கட்டாயம் எழுதுங்கள். கடைக்காரர் கவுன்டரில் வரிசை நிற்கும்போது 'விகிதம் கிடைக்கவில்லை' என்ற பிழையைப் பார்க்கக் கூடாது.

வாடிக்கையாளரே அட்மின் திரையில் மாற்ற வேண்டும் என்கிறாரே?

அப்படியானால் அந்தப் பட்டியல் அவருடையது, கோப்பிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். ஒரு டேபிளுக்கு இரண்டு சொந்தக்காரர் இருக்கவே முடியாது. அவர் திங்கட்கிழமை திரையில் மாற்றியதை வியாழக்கிழமை உங்கள் ரிலீஸ் பழையபடி ஆக்கிவிட்டால், அவர் உங்களை மறுபடி நம்ப மாட்டார், அது நியாயமும்கூட.

நான் கேட்டுப் பார்ப்பது இதுதான்: நிரலில் எங்காவது இந்தக் குறியீடு பெயரோடு எழுதப்பட்டிருக்கிறதா? 'சேர்ந்தது என்றால் எஸ்எம்எஸ் அனுப்பு' என்பதுபோல இருந்தால் அது நம்முடையது, திரையே இருக்கக் கூடாது. 'டெலிவரி தாமதத்துக்கான காரணம்' மாதிரி, நிரல் வெறுமனே காட்டுகிற பட்டியல் என்றால் அவரிடமே கொடுத்துவிடலாம். இரண்டும் கலந்து இருந்தால் இரண்டு டேபிள்களாகப் பிரியுங்கள். ஒரே டேபிளுக்குள் 'இந்த ரெக்கார்டுகள் எங்களுடையவை, அந்த ரெக்கார்டுகள் உங்களுடையவை' என்று கோடு போட்டுச் சமாளிக்கிறவர்கள் உண்டு. ஒரு வருடத்துக்குள் அந்தக் கோடு அழிந்துபோவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பேமென்ட் கேட்வே முகவரி, எஸ்எம்எஸ் சாவி (எஸ்எம்எஸ் சேவையைப் பயன்படுத்தத் தேவையான ரகசியக் குறி) போன்றவை மூன்று இடத்திலும் வேறாகத்தானே இருக்க வேண்டும்?

ஆமாம். அதனாலேயே அவை ரெஃபரன்ஸ் டேட்டா இல்லை. அவற்றை சூழல் அமைப்புகளில் (ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக வைக்கும் அமைப்புகளில்) வையுங்கள், சாவிகளைக் கிட்டில் போடவே கூடாது.

மாதம் ஒருமுறை புரொடக்‌ஷனை அப்படியே டெஸ்டுக்கு ரீஸ்டோர் செய்துவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடாதா?

ஒன்றாகும், ஆனால் தப்பான திசையில். புரொடக்‌ஷனில் கையால் செய்த குளறுபடியும் சேர்ந்து டெஸ்டுக்கு வந்து, அதுதான் சரி என்று ஆகிவிடும். அடுத்த ரிலீஸுக்காக டெஸ்டில் சேர்த்திருந்த புதிய ரெக்கார்டுகள் காணாமல் போகும். இதைவிடப் பெரிய கவலை, உண்மையான மனிதர்களின் தொலைபேசி எண்ணும் முகவரியும் டெஸ்டுக்கு வருவது. 2023-ல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையே கொண்டுவந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும்கூட, நம்மை நம்பிக் கொடுத்த எண்ணுக்கு டெஸ்ட் சர்வரிலிருந்து எஸ்எம்எஸ் போவது சரியில்லை.

தமிழ்ப் பெயர்களை டேபிளில் வைப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

நிறைய இருக்கிறது, மற்ற மொழிக்காரர்கள் எழுதிய கையேடுகளில் இது வராது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நீளம். 'செங்கல்பட்டு' நம் கணக்கில் 7 எழுத்து. யூனிகோடில் 12 குறிகள். யுடிஎஃப்-8-ல் (யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் 36 பைட். ஆரக்கிளில் நெடுவரிசை நீளத்தை பைட் கணக்கில் 30 என்று வைத்திருந்தால் இந்தப் பெயர் உள்ளே போகாது. டெவ்வில் எழுத்துக் கணக்கும் புரொடக்‌ஷனில் பைட் கணக்கும் இருந்தால், பிழை புரொடக்‌ஷனில் மட்டும் வரும்.

இரண்டாவது, கேள்விக்குறிகள். எஸ்கியூஎல் சர்வரில் சாதாரண வார்சாரில் (உரை வைக்கும் நெடுவரிசை வகை), யுடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்துகளைச் சேமித்து ஒப்பிடும் விதி) இல்லாமல், தமிழை ஏற்றினால் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் நிற்கும். யூனிகோடுக்கான என்வார்சார் வகை வைத்திருந்தாலும், ஸ்கிரிப்டில் மேற்கோளுக்கு முன்னால் 'என்' எழுத்தை விட்டுவிட்டால் இதே கதிதான்.

மூன்றாவதுதான் கண்ணுக்கே தெரியாதது. 'பொன்னேரி' என்ற சொல்லின் 'பொ', பகரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் இருக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஏற்றும்போதே எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள். பெயரைக் கீயாக வைக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு டேபிளையும் குறியீட்டின்படி வரிசைப்படுத்தி, முக்கியமான நெடுவரிசைகளைச் சேர்த்து ஒரு ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் சுருக்கக் குறி) எடுங்கள். கோப்பிலிருந்தும் அதே முறையில் எடுங்கள். தினமும் காலையில் ஒப்பிட்டு, வேறாக இருந்தால் அணிக்கு மெயில் போகட்டும். எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது போதாது; 38 மாவட்டம் மூன்றிலும் இருக்கும், அதில் ஒன்று வேறாக இருக்கும். ஹாஷில் சேர்த்த நேரம், சேர்த்தவர் பெயர் போன்ற நெடுவரிசைகளைச் சேர்க்காதீர்கள்.

கூடவே புரொடக்‌ஷனில் மென்பொருள் பயன்படுத்தும் யூசருக்கு இந்த டேபிள்களில் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். எழுதும் உரிமை டிப்ளாய் செய்யும் (புதிய பதிப்பை ஏற்றும்) யூசருக்கு மட்டும் இருக்கட்டும்.

டேட்டா முதலில் போக வேண்டுமா, நிரல் முதலில் போக வேண்டுமா?

சேர்க்கும்போது டேட்டா முதலில், ஓய்வு கொடுக்கும்போது நிரல் முதலில். இடையில் சில நிமிடம் பழைய நிரல் புதிய நிலையைச் சந்திக்கும். தெரியாத குறியீட்டைப் பார்த்தால் அது விழுந்துவிடாமல் பெயரை மட்டும் காட்டிவிட்டு நகர வேண்டும். ஏற்றிய பிறகும் திரையில் வரவில்லை என்றால் முதலில் கேஷைப் (வேகத்துக்காக மென்பொருள் வைத்திருக்கும் பழைய நகலை) பாருங்கள்.

இரவு இரண்டு மணிக்கு அவசரம். புரொடக்‌ஷனில் நேரடியாக மாற்றியே ஆக வேண்டும். அப்போது?

மாற்றுங்கள். வண்டிகள் மாதவரம் கிடங்கில் நிற்கும்போது விதி பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் தூங்கப் போவதற்கு முன் அதே மாற்றத்தைக் கோப்பில் செய்து பிரான்ச்சாகத் தள்ளிவிடுங்கள். மறந்தால் காலை மெயில் காட்டிக்கொடுக்கும்.

எங்களிடம் ஏற்கெனவே மூன்றும் தாறுமாறாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு டேபிளிலிருந்து. நிலை டேபிள் சிறியது, ஆபத்தானது, அதை முதலில் எடுங்கள். மூன்று டேட்டாபேஸிலிருந்தும் பட்டியலை இறக்கி, ஐடியை மறந்துவிட்டு, அர்த்தத்தின்படி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்த ஒரு முறை மட்டும் புரொடக்‌ஷனை அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் உண்மையான ஆர்டர்கள் அந்த எண்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. குறியீட்டுக்கு ஒரு புதிய நெடுவரிசை சேர்த்து நிரப்புங்கள். இரட்டையாக இருப்பவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதைச் சுட்டும் ரெக்கார்டுகளை இதற்கு நகர்த்தி, பிறகு யூனிக் கட்டுப்பாடு (ஒரே குறியீடு இரண்டு முறை வர விடாதது) போடுங்கள். நிரல் எண்ணை விட்டுக் குறியீட்டுக்கு மாறுவது அடுத்த ரிலீஸ். பழைய எண்ணை உடனே நீக்காதீர்கள், யாராவது ஒருவருடைய ரிப்போர்ட் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும்.

பொறுமை வேண்டும். செங்கல்பட்டும் செங்கற்பட்டும் ஒன்றாக எங்களுக்கு இரண்டு ரிலீஸ் ஆனது. அதில் முதல் ரிலீஸ் முழுவதும், எந்தெந்தக் கிளைகள் எந்த எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று வாடிக்கையாளர் தரப்பு அக்கா ஒருவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததிலேயே போனது.